புளூமெனாவில் ஒரு சாப்பாட்டுச் செபம்

அன்பு அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் சுகமாக எங்கள் மிச்சம் நகர் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். போனில் சொன்னால் இவருக்குக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

பிரேசிலில் நாங்கள் போன புளூமெனாவ், ஜேர்மன்காரர் குடியேறிய நகரம். தங்கிய வீட்டுக்காரி சாப்பிட முன் ஜேர்மன் மொழியில் செபம் சொன்னார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தினை தலைமுறையாச்சு, இன்னும் தங்கட பாஷையை விடேல்லைப் பாரும்!" என்றார்.

பிறகு அந்த அம்மா உங்கள் பேத்தி ஜெனோஜாவிடம், "இனி உன் மொழியில் நீ சொல்லு" என்றார். நான் முன்பு ஜேர்மனியில் இருந்தவள் என்பதால் அதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினேன். பிள்ளை என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். தமிழில் ஒரு சொல்கூட வரவில்லை.

"அவளுக்கு வெக்கம்" என்று இவர் சிரிக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளை குழம்பிப்போவாள்" என்று வீட்டுச் செபமாலையை ஆங்கிலத்துக்கு மாற்றியது யார்? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை மறித்தது யார்? ஊரார் மொழிக்குக் கண்ணீர் விட மட்டும் தெரியும்.

வந்ததிலிருந்து நான் அவரோடு கதைக்கவில்லை. பயப்படாதேங்கோ, சோறு போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது ஜெனோஜாவோடு உங்கள் துண்டு இங்கிலீசு வேண்டாம். சாப்பாட்டுச் செபத்தை மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். நானும் பக்கத்தில் இருந்து கேட்பேன். இங்கே என்னோடு தமிழில் செபிக்க ஒருவருமில்லை.

இவர் கீழே பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறார், ஆங்கிலத்தில். நான் போகிறேன் அம்மா. இன்றைக்குச் செபம் நான்தான் சொல்லுவேன், தமிழில், பக்கத்து வீட்டுக்கும் கேட்க.

உங்கள் மகள்
எமில்டா