பூனைக்கு இன்னிக்கு நீங்கதான் குத்தணும்

எழுந்ததும் காபி போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன். பூனைக்குச் சர்க்கரை பார்க்கிற வேலை இன்னிக்கு உங்களோடது.

மீட்டரைச் சமையலறையிலேயே ஆன் பண்ணிட்டு வாங்க. அந்தச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். வெதுவெதுப்பான துணியைக் காதுமேல கொஞ்ச நேரம் வச்சுட்டு, காதோரமா குத்துங்க. ஒரு சொட்டு ரத்தம் போதும்.

அது சாப்பிட்டப்புறம்தான் இன்சுலின். சர்க்கரை குறைவா காட்டினா போடாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க.

நேத்து கோபத்துல சொன்னீங்களே, "பூனைக்குக்கூட உன்னைக் கண்டா ஆகாது"ன்னு. நிஜந்தான். குத்துறவ நான், மடியில போட்டுக் கொஞ்சுறவர் நீங்க. இந்த வீட்ல அது ஒருத்தர்கிட்டயாவது பயமில்லாம இருக்கட்டும்னுதான் இத்தனை நாளா ஊசியை உங்க கையில குடுக்கல.

பின்குறிப்பு: குத்தி முடிச்சதும் கோழித்துண்டு குடுங்க, ஃப்ரிட்ஜ்ல இருக்கு. என் கையால நீட்டினா வாங்காது. தரையில வச்சுட்டு நான் வெளிய போயிடுவேன், அப்புறம்தான் வந்து தின்னும்.

உங்க கையாலயும் வாங்கலேன்னா எனக்குப் போன் பண்ணுங்க. அப்பப் பேசலாம்.