அவள் குடிக்கவில்லை

11 அக்டோபர் 1998, ஞாயிறு
ஆர்.கே.புரம், டெல்லி

நேற்று மாலை காட்மாண்டுவிலிருந்து வந்து இறங்கினோம், நானும் வைஷ்ணவியும் மட்டும். மற்ற ஏழு பெண்களும் இன்னொரு லெக்சரரோடு பஸ்ஸில் வருகிறார்கள்.

வைஷ்ணவியை ஏர்போர்ட்டில் அவள் அப்பாவிடம் ஒப்படைத்தேன். பூவராகவன், விமானப் படையில் சார்ஜென்ட். பண்ணையில் மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம், இப்போது தேவலை என்றேன். டிஸ்சார்ஜ் ஃபைலைக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அவள் நடந்துதான் போனாள். திரும்பி "பை மேம்" என்றாள்.

ரசாயனமே தொடாத இயற்கைப் பண்ணை, வெளிநாட்டில் இரண்டு வாரம் சேவை — தேடிக் கண்டுபிடித்தது நான். தாவரவியல் வகுப்பில் எட்டுப் பேரைப் பொறுக்கியது நான். ஜனக்புரிக்குப் போய் அவள் அம்மாவிடம் "நான் கூட இருக்கேன், கவலைப்படாதீங்கோ" என்றதும் நான்.

இன்று முழுக்கத் துணி துவைத்தேன். அவளுடைய நீலக் கமீஸ் என் பையில் இருந்தது. அதையும் துவைத்தேன். மூன்று தண்ணீர் விட்டும் வாடை போகவில்லை.

இப்போது மாலை ஆறு மணி. போன் வந்தது. அவள் அம்மா அருக்காணி. "டீச்சருங்களா? புள்ளைக்குத் தலை நிக்க மாட்டீங்குதுங்க. தலகாணியை விட்டுத் தூக்க முடியலைங்கறா. மூச்சு வாங்குதுங்க." உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நானும் கிளம்புகிறேன்.

12 அக்டோபர், திங்கள்

வெண்டிலேட்டரில் போட்டிருக்கிறார்கள். தொண்டைக்குள் குழாய். கண் திறந்திருக்கிறது. இமை மட்டும் அசைகிறது.

பூச்சிமருந்து விஷம் சில பேருக்கு இப்படித்தானாம். முதலில் தேறின மாதிரி காட்டி, மூன்றாம் நாள் நான்காம் நாள் மூச்சுத் தசைகளை முடக்கிவிடுமாம். டாக்டர் கேட்டார்: "இவ்வளவு சீக்கிரம் அங்கிருந்து ஏன் கூட்டிவந்தீர்கள்?"

பூவராகவன் ஃபைலைப் படித்துவிட்டார். அதில் இருக்கிறது: "நோயாளி தானாகவே பூச்சிமருந்தை அருந்தினார் — உடன் வந்த ஆசிரியையின் எழுத்து வாக்குமூலம்." வராந்தாவில் என்னைத் தனியே கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"யாரு மேடம் அவன்?"

"யாரு?"

"பொட்டப்புள்ள சும்மா மருந்தைக் குடிக்குமா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேரை மட்டும் சொல்லிடுங்க."

அவள் அலமாரியையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தாராம். நோட்டுப் புத்தகங்களில் தாள் தாளாகத் தேடினாராம்.

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

13 அக்டோபர்

மாற்றமில்லை.

14 அக்டோபர், புதன்

பிரின்ஸிபால் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். வாக்குமூலத்தின் நகல் மேஜைமேல் இருந்தது. பண்ணையிலிருந்து ஃபேக்ஸில் அனுப்பிவிட்டார்கள்.

"அந்தப் பெண்ணின் சொந்த விஷயம். கல்லூரிக்கோ உங்களுக்கோ இதில் பொறுப்பில்லை. வருத்தம்தான், என்ன செய்வது? போலீஸ் வந்தால் இதையே சொல்லுங்கள். அடுத்த மாதம் உங்களுக்கு இண்டர்வியூ இருக்கிறது இல்லையா?"

இருக்கிறது. ஆறு வருடமாகத் தற்காலிக லெக்சரர். ஒவ்வொரு ஜூலையிலும் புது உத்தரவு வருமா வராதா என்று தபால்காரனைப் பார்த்து நிற்கிற பிழைப்பு.

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் முதல் தடவையாக ராஜகோபால் டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார். கடைசியில் சொன்னார்: "எழுதிக் குடுத்தது நீ. இப்போ மாத்திச் சொன்னா, அப்ப பொய் சொன்னேன்னு நீயே ஒத்துக்கறே. விட்டுடு ஜலஜா. பொழைச்சு வந்தா அவளே சொல்லிக்கட்டும்."

பிழைக்காவிட்டால்?

15 அக்டோபர், வியாழன்

காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஏழாம் தேதி. தசைன் பண்டிகைக்கு, நம் தசராதான், ஊருக்குப் போன கூலியாட்கள் யாரும் இன்னும் திரும்பவில்லை. காலிஃபிளவர் பாத்தி முழுக்கப் புழு. இரண்டு நாளில் ஜெர்மனியிலிருந்து பண்ணையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். மேனேஜர் முதுகில் மாட்டும் ஸ்பிரே பம்ப்பைக் கொண்டுவந்தான். வேப்பங்கொட்டைக் கரைசல் என்றான். நான்தான் வைஷ்ணவியைக் கைகாட்டினேன். நல்ல உயரம், பம்ப் தாங்குவாள் என்று.

கால் மணி நேரத்தில் வரப்புக்கு வந்து நின்றாள். "மேம், இது நீம் மாதிரியே இல்ல. ரொம்ப கந்தா ஸ்மெல், ஒரே நாத்தம். பம்ப் வேற லீக் ஆறது, பீட்ல, முதுகுல எல்லாம் வழியறது."

எனக்கும் வாடை வந்தது. பூண்டு அழுகினாற்போல. பதினான்கு வருடம் படித்தும் பாடம் நடத்தியும் இருக்கிறேன், அது வேம்பு இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தது. ஒரு நொடி தெரிந்தது. ஆனால் மேனேஜரோடு சண்டை போட வேண்டும், வேலை நின்றுவிடும், பண்ணையைத் தேர்ந்தெடுத்தவள் நான்...

"ஆர்கானிக்னா அப்படித்தான் இருக்கும். நகரா பண்ணாம, சிணுங்காம ஜல்தி முடி" என்றேன்.

இரண்டு மணி நேரம் அடித்தாள். வெறுங்கால். முதுகு முழுக்க நனைந்து, பின்னலும் நனைந்து. சாப்பாட்டு நேரத்தில் வாயில் எச்சில் வழிந்தது. கண்மணி இரண்டும் ஊசிமுனையாகச் சுருங்கிப்போயிருந்தன. விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் மேனேஜர் முந்திக்கொண்டு குடித்துவிட்டாள் என்று சொல்லிவிட்டான். வயிற்றைக் கழுவினார்கள். ஒன்பதாம் தேதி காகிதத்தோடு வந்தான். பண்ணையில் நடந்த விபத்து என்றால் போலீஸ் வரும், எட்டுப் பெண்களும் இங்கேயே இருக்க வேண்டும், பண்டிகை லீவு முடிந்து ஆபீஸ் திறக்க எத்தனை நாளோ. அவளே குடித்தாள் என்று எழுதினால் நாளைக்கே போகலாம். கையெழுத்துப் போட்டேன். பெண்களுக்காகப் போட்டேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கமீஸைத் தெரியாமலா துவைத்தேன்?

16 அக்டோபர், வெள்ளி

உடனே எழுதிவிடுகிறேன்.

இன்று அவளுக்கு மறுபடி வியர்த்துக் கொட்டியது. கண்மணி திரும்பவும் சுருங்கியிருக்கிறது. டாக்டருக்குப் புரியவில்லை. "ஒன்பது நாள் ஆகிறது. வயிற்றில் ஒன்றும் இருக்க முடியாது. எங்கிருந்து வருகிறது இது?" என்று தன் ஜூனியரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

நர்ஸ் அருக்காணியை உள்ளே கூப்பிட்டு, சிக்குப் பிடித்த முடியை வாரிக் கட்டச் சொன்னாள். தலையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். நான் போனேன். என் இரண்டு உள்ளங்கையிலும் அந்தப் பெண்ணின் தலை. பூசணிக்காய் போலக் கனம். அருக்காணி பின்னலைப் பிரித்தாள்.

"ஏனுங் டீச்சர், இந்த முடியில என்னமோ நாத்தமடிக்குதுங்களே. அன்னைக்கே கேக்கோணும்னு இருந்தேன். எண்ணெய் வெச்சுப் பாத்தேன், அப்பவும் போகலீங்க."

அதே வாடை.

இடுப்பு வரை முடி. ஒன்பது நாளாக யாரும் அலசவில்லை. குடித்தவளுக்கு எதற்குத் தலை குளிப்பாட்ட வேண்டும்? நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைத்தானே எல்லோரும் படித்தார்கள்.

"டாக்டர்!" என்று கத்தினேன். ஐ.சி.யூ.வில் எல்லோரும் திரும்பினார்கள். "ஷீ டிட் நாட் ட்ரிங்க். உஸ்னே நஹீன் பியா, அவ குடிக்கல. அவள் மேல கொட்டித்து. முதுகு, முடி, எல்லாம். இப்பவும் முடியில இருக்கு."

டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "கத்தரி கொண்டுவா" என்றார் நர்ஸிடம்.

முடியை மழித்துவிட்டார்கள். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார்கள். நகங்களையும் வெட்டினார்கள். முடியைப் பையில் கட்டிச் சீல் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

அருக்காணி வெளியே வந்து நின்றாள். நான் அவளிடம் முழுவதும் சொன்னேன். வாடை தெரிந்ததை. ஜல்தி முடி என்றதை. கையெழுத்தை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"நாந்தான் அன்னைக்கே சொன்னனே" என்றாள், என்னிடம் இல்லை, சுவரிடம். "என்ற புள்ளை அப்பிடிப் பண்றவ இல்லீன்னு இவங்கப்பாகிட்ட எத்தனை தடவ சொன்னேன். யாருமே கேக்கலையே."

அப்புறம் என்னைப் பார்த்து, "போயிருங்க இங்கிருந்து" என்றாள்.

17 அக்டோபர், சனி

காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கேட்டார்: "மேடம்ஜி, சோச் லோ, யோசித்துக்கொள்ளுங்கள். முன்பு எழுதியது பொய் என்கிறீர்களா?" ஆமாம் என்றேன். குறித்துக்கொண்டார்.

இவர் வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். வீட்டுக்கு வந்து படியேறும்போது, "சாப்பிட்டியா?" என்றார்.

19 அக்டோபர்

தீபாவளி. தெரு முழுக்கப் பட்டாசு. ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்தேன். இன்று வேர்க்கவில்லையாம்.

22 அக்டோபர்

நாற்பது நிமிடம் தானாக மூச்சு விட்டாளாம்.

27 அக்டோபர், செவ்வாய்

குழாயை எடுத்துவிட்டார்கள். முடியில் மருந்து இருந்ததாகப் பரிசோதனைக் காகிதம் வந்துவிட்டது. பம்ப் ஒழுகியதைப் பார்த்தோம் என்று நான்கு பெண்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நால்வரில் ஷ்ரேயாதான் முதலில் காவல் நிலையம் போனாளாம். போலீஸ் கேஸிலிருந்து தற்கொலை முயற்சி என்ற வார்த்தையை நீக்கிவிட்டார்கள்.

இதே நாளில் எனக்கும் கடிதம். "தங்கள் சேவை இனி தேவையில்லை." இரண்டே வரி. லாக்கர் சாவியை ஒப்படைக்க வேண்டுமாம்.

9 நவம்பர், திங்கள்

நல்ல செய்தி நிற்கவே மாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்தவளுக்குப் பாதம் இரண்டும் தொங்கிப் போய்விட்டன. விரலைத் தூக்க முடியவில்லை. அந்த விஷம் நரம்பைத் தாமதமாகத் தாக்குமாம். ஒரு வருடத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

ஜனக்புரிக்குப் போனேன். பூவராகவன் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். சாத்தினார்.

10 நவம்பர்

போனேன். திறக்கவில்லை.

11 நவம்பர்

போனேன்.

16 நவம்பர், திங்கள்

எதற்குப் போகிறாய் என்கிறார் இவர். மன்னிப்புக்கா? இல்லை. எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை. அவர்கள் தெருப் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறேன். பைத்தியம் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

20 நவம்பர், வெள்ளி

இன்று பூவராகவன் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். யூனிஃபார்மில் இருந்தார். பக்கத்தில் உட்காரவில்லை.

"எம் பொண்ணுகிட்ட நான் என்ன கேட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? வாயில குழாயோட கெடக்கறப்போ, யாரு அவன்னு காதுல கேட்டேன். கண்ணுல தண்ணி வழிஞ்சுது. ஆமான்னு சொல்றாள்னு நெனச்சேன்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நீங்க பண்ணது ஒண்ணு. நான் பண்ணது ஒண்ணு. அவளுக்குப் பாடமெல்லாம் விட்டுப்போயிட்டிருக்கு, காலேஜ் போக முடியலன்னு அழறா. சொல்லிக்குடுக்க வர்றதா இருந்தா வாங்க. எங்கிட்ட பேசாதீங்க."

17 டிசம்பர், வியாழன்

தினமும் இரண்டு மணிக்குப் போகிறேன். மரபியல் முடித்தாயிற்று, பூஞ்சைகள் நடக்கிறது. வைஷ்ணவி கட்டிலில், கால்களில் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டைகள். முடி ஒரு விரல்கடை வளர்ந்திருக்கிறது. நான் வரைந்து காட்டுகிறேன், அவள் எழுதிக்கொள்கிறாள். பாடம் தவிர ஒரு வார்த்தை இல்லை.

இன்று படம் வரைந்துகொண்டிருந்தபோது, தலை நிமிராமல் சொன்னாள்: "அங்க ஹாஸ்பிடல்ல நீங்க சைன் பண்ணப்போ நான் முழிச்சிண்டுதான் இருந்தேன் மேம். எல்லாம் கேட்டுது. நீங்க என்னைப் பார்ப்பீங்கன்னு நெனச்சேன். பார்க்கவே இல்ல."

பென்சில் என் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

"இந்த டயக்ராம்ல லேபிள் விட்டுட்டீங்க" என்றாள்.

18 டிசம்பர்

போகவில்லை. எழுந்திருக்கவே முடியவில்லை. மாலை அவளே போன் செய்தாள். "மேம், எக்ஸாமுக்கு நாலு மாசம்தான் இருக்கு."

12 ஏப்ரல் 1999, திங்கள்

முதல் பேப்பர். கல்லூரிக்குள் போக எனக்கு இப்போது அனுமதி இல்லை. கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடிச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்திருந்தேன். பூவராகவன் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஹாலில் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போனார். அருக்காணி வந்து அதே மேடையில், ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

மூன்று மணி நேரம். நல்ல வெயில். ஒரு மணி வாக்கில் டிபன் டப்பாவைத் திறந்தாள். தக்காளிச் சாதம். மூடியில் பாதியை வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்."

நான் மூடியைத் திருப்பி அவள் பக்கமே நகர்த்தினேன்.

"கோவம் அப்பிடியேதானுங் இருக்குது. அது போகாதுங். காலைல இருந்து நீங்களும் ஒண்ணும் சாப்பிடலை, நானும் பாத்துட்டுத்தான் இருக்கறன். சாப்பிடுங்."

சாப்பிட்டேன்.

மணி அடித்தது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள், போனார்கள். கூட்டம் கலைந்த பிறகு வைஷ்ணவி தெரிந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கை ஷ்ரேயாவின் தோளில். படிக்கட்டுக்கு வந்ததும் ஷ்ரேயாவின் தோளை விட்டாள். ஒரு படி. நின்றாள். இன்னொரு படி.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அவள் பார்த்துவிட்டாள். அங்கிருந்தே கையைக் காட்டி, உட்காருங்கள் என்றாள்.

உட்கார்ந்தோம்.