சர்க்கரைக் கட்டியில் கட்டிய மாவுமில்

மதிப்புக்குரிய கோபக்காரர் ஆர்ன்ஃபினுக்கு, டோர்லைவின் வணக்கம்.

இல்லை, நான் உன்னைப் புதைக்கவில்லை. உன் ஸ்டைனாரைத்தான் சாகவிட்டேன். ஸ்டைனார் வியாழக்கிழமை என் மேசையில் பகடை உருட்டி ஆடுகிற கதையாட்டத்தில் உனக்காகக் கேடயம் தூக்குகிற காகித ஆள். நீ ட்ரொம்ஸோ ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிற மனிதன். இரண்டு பேரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று சொல்லத்தான் போன் செய்தேன். பாதியில் வைத்துவிட்டாய். பிறகு எடுக்கவும் இல்லை. அதனால் இந்தக் கடிதம். நான் சொல்கிறேன், ஒட்னி எழுதுகிறாள். "என் கையெழுத்தைப் படிச்சா உன் புருஷனுக்குக் கண்ணுலயும் ஆபரேஷன் பண்ண வேண்டிவரும்" என்று சொல்லி நானேதான் அவளைக் கூப்பிட்டேன். "நெஞ்சுக்கே சம்மதிக்க மாட்டேங்கிறார், கண்ணுக்கு எங்க போக?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் முகம் சரியில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. உன் படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டுவிட்டோம். கயிறு கட்டியது ஹால்வர், அதனால் அடுத்த காற்றுக்கு அவிழ்ந்துவிடும். உன் நாய் என் வீட்டில்தான் இருக்கிறது. பழுப்புச் சீஸ் கொடுத்தால் ஒழிய என்னை மதிக்கிறதில்லை. எஜமானன் புத்தி.

அந்த ஹால்வர்தான் உனக்குப் போன் செய்து, "டேய், உன் ஆளு ராஜா மாதிரி செத்தான்டா, நாங்க எல்லாரும் அழுதுட்டோம்!" என்றானாம். அந்த ரொட்டிக்கடைக்காரனுக்கு அடுப்பை மட்டும்தான் நேரத்துக்கு மூடத் தெரியும். உன்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துச் சொன்னான். நீ என்னிடம் என்ன சொன்னாய்? "இங்க இன்னும் கத்தியே வைக்கல, அதுக்குள்ள எனக்கு இழவு கொண்டாடிட்டீங்களா? நான் வெட்டிக்கப் போறதில்ல, போ!" என்றாய். டாக்டரிடமும் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டாயாம். ஒட்னி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நடந்ததைக் கேள். போன குளிர்காலத்தில் நீ என்ன சொன்னாய்? "உன் சண்டையெல்லாம் விறகு வெட்டுற மாதிரிடா. நான் ஒண்ணு போடுறேன், பூதம் ஒண்ணு போடுது, யாராவது விழுற வரைக்கும் நான் வாஃபிள் தின்னுட்டு உக்காந்திருக்கேன்." எனக்குச் சுருக்கென்றது. ஆட்டம் நடத்துகிறவன் நான். நான் சண்டை அமைக்கும்போது நீங்கள் தட்டைப் பார்க்கிறீர்கள் என்றால் என் பிழைப்பு என்ன பிழைப்பு?

அதனால் ஒரு மில் கட்டினேன். ஒட்னியின் ரொட்டித் தட்டில், சர்க்கரைக் கட்டியை அடுக்கி, ஆற்றங்கரை மாவுமில். மாடியில் மில்காரனின் பிள்ளைகள். வாசலில் பூதங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நான் தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுவேன். ஆறு ஏறும், சுவர் நிஜமாகவே கரையும். முதல் கோப்பைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கோப்பைக்கு ஹால்வர் வாஃபிளைக் கீழே வைத்தான். அப்புறம் ஒருவரும் நாற்காலியில் இல்லை. இத்தனை வருஷத்தில் என் மேசையில் எல்லோரும் எழுந்து நின்றது அன்றைக்குத்தான்.

பூதங்களை வெட்டினால் மட்டும் பிள்ளைகள் பிழைக்காது. யாராவது மதகுப் பலகையைத் தோளில் தாங்கி நிற்க வேண்டும். அப்போதுதான் மில்லுக்குள் ஏறின தண்ணீர் வடியும். ஆனால் தாங்குகிறவன் தலைக்கு மேல் ஆறு போகும். ஹால்வரின் ஆளுக்கு அந்த வலு இல்லை. ஒட்னியின் ஆள் மந்திரக்காரி, வாளியைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறவள்.

நீ வராததால் ஸ்டைனார் கதையில் படகில் தூங்கிக்கொண்டிருந்தான். மேசைக்கு வராதவனின் ஆளைத் தொடக்கூடாது என்ற விதி நான் வைத்ததுதான். அதை நானே உடைத்தேன். என் நாக்கு சும்மா இருக்குமா? "படகுல ஒருத்தன் ஓசிச் சோறு தின்னுட்டுக் குறட்டை விடுறானே, அவன் எதுக்கு?" என்றேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன். ஒட்னி தட்டைப் பார்த்தாள். சுவர் இடிந்துகொண்டிருந்தது. "அவர் இங்க இருந்தா கேக்கவே மாட்டார், எறங்கிடுவார். நான் அவருக்காக ஆடுறேன்" என்று உன் பகடையை எடுத்தாள்.

தாங்கினான். பிள்ளைகள் பிழைத்தன. ஸ்டைனார் வெளியே வரவில்லை. ஒட்னி அழுதாள், ஹால்வர் அழுதான். பிறகு கை தட்டினார்கள், ஆர்ன்ஃபின். எனக்கு. நான் எழுந்து தலைகுனிந்து அதை வாங்கிக்கொண்டேன்.

இதை எழுதும்போது ஒட்னி, "நான் அனுப்பாம இருந்திருக்கணும். அவர் இதைச் சகுனம்னு பிடிச்சுக்கிட்டார், அது என்னாலதான்" என்கிறாள். அதையும் எழுது என்றேன். எழுதியிருக்கிறாள். இனி நான் சொல்லப் போவதையும் ஒரு எழுத்து விடாமல் எழுது என்று அவளிடம் சொல்கிறேன்.

சகுனமும் இல்லை, விதியும் இல்லை. வேறு வழி இருந்தது. மில் சக்கரத்துக்கு அடியில் ஒரு சங்கிலி. அதை இழுத்தால் மதகு தானாகத் திறந்து நிற்கும், ஒருவரும் சாக வேண்டாம். அது இருக்கிற இடத்தை உங்களுக்குக் காட்ட ஒரு எலி வர வேண்டும். ஈயத்தில் எலிப் பொம்மை வார்த்துப் பச்சை வர்ணம்கூட அடித்திருந்தேன். ஒட்னி உன் பகடையை எடுத்தபோது அது என் சட்டைப் பையில் இருந்தது. விரலால் தடவிக்கொண்டிருந்தேன். எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தால் போதும். வைத்தால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதற்காக

இனி என் கையெழுத்து. பொறுத்துக்கொள்.

ஒட்னி பேனாவை வைத்துவிட்டாள். "அந்த எலி உன் பையில இருந்துச்சா? நான் அழுதப்பவும் இருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டாள். நான் இன்னும் முடிக்கவில்லை என்றேன். திரும்பவில்லை.

அவள் மேல் தப்பில்லை. உன் நெஞ்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கிழவன் கைத்தட்டலுக்கு ஆசைப்பட்டான், அவ்வளவுதான். நாளைக்கே டாக்டரிடம் சரி என்று சொல். நல்லபடியாக எழுந்து வா. வந்து ஹால்வர் முன்னால், ஊர் முன்னால், என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டு. நீ வராவிட்டால் என்னைத் திட்ட ஆளில்லை.

ஜன்னலில் தெரிகிறாள். பனி கொட்டுகிறது, அவளுடைய குளிர்க் கோட்டு இங்கேயே கிடக்கிறது. கூப்பிட்டால் நிற்க மாட்டாள். அதை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே

டோர்லைவ்