நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாள்

அப்பா,

இன்று காலை நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்கு ஒரு சுமைத் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். முழங்கால் கிழிந்திருந்தது. காயத்தைத் துடைக்கக் குனிந்தபோது சுக்குத் தூசியும் ரத்தமும் கலந்த வாசனை எழுந்தது. உங்கள் சட்டையின் வாசனை.

மட்டாஞ்சேரியின் சுக்கு, மிளகுக் கிடங்குகளில் மூட்டை சுமந்து என்னை இன்ஜினியரிங் படிக்க அனுப்பினீர்கள். நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எதைப் படித்தால் என்ன வேலை என்று கேட்க நமக்கு ஒருவரும் இல்லை. கிடங்கு மேனேஜரின் மகன் படித்தான், அதனால் நானும். இரண்டு வருடத்தில் ஏழு பேப்பரில் தோற்றேன், மறைத்தேன். அம்மா டைபாய்டு வந்து எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கிருந்த ஆண் நர்ஸ்களைப் பார்த்துத்தான் என் வேலை எதுவென்று எனக்குத் தெரிந்தது.

நர்ஸிங்கில் இடம் கிடைத்த சாயங்காலம் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“பீ மூத்திரம் அள்ளவாடா உன்ன படிக்க வச்சேன்? பொம்பளைப் பணிக்கா போற?”

மூட்டைக் கொக்கியின் மரப்பிடியால் தோளிலும் முதுகிலும் அடித்தீர்கள். காலரைப் பிடித்துச் சுவரில் மோதினீர்கள். “பிள்ளைய விடுங்க!” என்று அம்மா குறுக்கே பாய்ந்தாள். அடுத்த அடி அவள் வாயில் விழுந்தது. பல் ஒன்று தரையில் தெறித்தது. கைக்கு எட்டிய தோசைக்கல்லை எடுத்து உங்கள் நெற்றியில் அடித்தேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். கண்ணுக்குள் ரத்தம் இறங்க, யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தீர்கள்.

மறுநாள் கேட்டவர்களிடமெல்லாம் லாரியிலிருந்து விழுந்ததாகச் சொன்னீர்கள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன். படிப்பு முடியும்வரை நாம் பேசவில்லை.

வேலையில் சேர்ந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தேன். சாயா கிளாஸை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

“ஆஸ்பத்திரியில உன்ன யாராச்சும் அடிப்பாங்களாடா?”

“குடிச்சிட்டு வர்றவங்க சில சமயம் கை வைப்பாங்கப்பா.”

நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டீர்கள். பிறகு, “திருப்பி அடிக்காத” என்றீர்கள்.

அந்த நாளைப் பற்றி நீங்கள் சொன்னது அவ்வளவுதான். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு வலி வந்து போய்ச்சேர்ந்துவிட்டீர்கள்.

போன மாதம் மண்டை உடைந்து வந்த ஒருவன் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். என் கையும் எழுந்துவிட்டது, அப்பா. அதை இறக்கினேன். பிறகு அவன் தலைக்கு நானே கட்டுப் போட்டேன்.