லிஃப்டில் கொடுத்த வாக்கு

பிள்ளைகளின் அப்பாவுக்கு ஸ்தோத்திரம். முதுகுவலி தேவலையா? நான் சுகம்.

செவ்வாயன்று, வேலை நேரத்தில் கோப்புகளோடு நான் ஏறிய எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றது. பயப்படாதீர்கள், இருபதே நிமிடம்தான். நான் ஜெபிக்கக் கண்ணை மூடியதும் கூட இருந்த லாண்டரிக்காரி கேலியாக, "பாஸ்டரம்மா, ஜெபத்தைச் சுருக்கமா முடிங்க, உள்ள காத்து கம்மி" என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் ஜெபம் வரவில்லை. இரண்டு வருடமாக நான் பேசாத உங்கள் அக்காவின் முகம்தான் வந்தது. வெளியே போனதும் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்பதாகக் கர்த்தரிடம் சொன்னேன்.

கதவு திறந்ததும் கோப்புகளைக் கொடுக்க ஓடினேன். வாக்கு மறந்தே போயிற்று. ஞாயிறன்று திருவிருந்தின்போதுதான் நினைவு வந்தது; அப்பத்துக்குக் கை நீட்டக் கூசி, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவின் நம்பரைச் சண்டை போட்ட அன்றே கோபத்தில் அழித்தேன், எழுதி அனுப்புங்கள். உங்களிடம் நம்பரைப் போனில் கேட்டால் அழுதுவிடுவேன். நீங்கள் முந்திக்கொண்டு அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

பஸ் வந்துவிட்டது. நாள் கடத்தாதீர்கள், தினமும் அதே லிஃப்டில்தான் ஏறுகிறேன்.