ஜாஸிப் புதைத்த பக்கம்

ஸுபைர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் நஜாத்துக்கு உம்மாவின் ஸலாம். அம்மான் நகரத்துக் குளிரில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க இறைவன் காக்கட்டும். இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சப்ரியா எழுதுகிறாள். இதையெல்லாம் எழுத வேண்டாம் உம்மா என்று நடுநடுவே நிறுத்துகிறாள், நான் விடவில்லை.

உன் கடிதம் வந்தது. மருமகனின் தச்சுப் பட்டறையில் உன் தம்பி ஹாத்திமுக்கு இடம் இருக்கிறது, உடனே அனுப்பு என்று எழுதியிருந்தாய். அனுப்ப மாட்டேன். போரிலிருந்து திரும்பிய இந்த மூன்று வருடத்தில் அவன் என்னைப் படுத்திய பாடு உனக்குத் தெரியாது. தார்ச்சாலையை விட்டு மண்ணில் கால் வைக்க மாட்டான். முற்றத்தைத் தாண்டிக் கழிவறைக்குப் போவதற்கும் கம்பால் தரையைக் குத்திப் பார்த்துத்தான் அடி எடுத்து வைப்பான். தக்காளித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன், ஒரு பாத்தியைக் கடக்க நண்பகலாகிறது என்று அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவில் அவனுக்குக் கோழி என்று பெயர். கோழி வருது, வழி விடுங்க என்று டீக்கடையில் அடுத்த வீட்டு அபூ ஷினான் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். ஒருமுறை நானும் சிரித்துவிட்டேன், அவன் பார்த்துவிட்டான்.

இந்த வருடம் நல்ல இடிமழை. பாலையெங்கும் மண்ணைப் பிளந்துகொண்டு கமாக் காளான் கிளம்பியிருக்கிறது, சந்தையில் இறைச்சியைவிட விலை போகிறது. எல்லைப் பக்கம்தான் அதிகம், கண்ணிவெடிக்குப் பயந்து அங்கே யாரும் போவதில்லை. அபூ ஷினான் வந்து, போரில் அதைப் புதைத்ததே உன் மகன்தானே, அவனுக்குத் தெரியாத இடமா என்று கேட்டார். ஹாத்திம் தலையைக் குனிந்துகொண்டு முடியாது என்றான். அவர் முன்னாலேயே சொன்னேன், "அப்போ தங்கச்சியோட அபாயாவைப் போட்டுக்கிட்டு அடுப்படியில உக்காரு. திங்கத் தெரியுது, நடக்கத் தெரியல." பட்டாளத்து பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். பொழுது சாய்வதற்குள் இரண்டு மூட்டையோடு வந்தான்.

அன்றிலிருந்து தினமும் போகிறான். அவன் முன்னால் நடக்க, பதினோரு பேர் ஒற்றை வரிசையில் அவன் காலடியிலேயே கால் வைத்துப் பின்னால் போகிறார்கள். இப்போது யாரும் கோழி என்பதில்லை, டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். முற்றத்தில் கம்பில்லாமல் நடக்கிறான். எப்படிடா என்று கேட்டேன். "அங்க எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. இங்கதான் ஒண்ணும் தெரியல" என்றான். குணமாகிவிட்டவனை எதற்கு அனுப்புவது?

செவ்வாய்க்கிழமை காளானைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தான் வெடி புதைத்த பக்கத்தில் காளான் பறித்துத் தீர்ந்துவிட்டது, வறண்ட ஓடைக்கு அப்பால் இருப்பது ஜாஸிப் புதைத்தது, அவன் போரிலேயே செத்துவிட்டான், வரைபடமும் அவனோடு எரிந்துவிட்டது, அந்தப் பக்கம் தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்றேன். ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள், ஒரே மாதிரிதானே புதைத்திருப்பீர்கள் என்றும் சொன்னேன். அதற்குச் சிரித்தான். மூன்று வருடத்தில் அதுதான் முதல் சிரிப்பு, எனக்கு அது பிடிக்கவில்லை. அக்காவிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டான். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சப்ரியாவையும் குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறேன். இனி பட்டறை விஷயத்தை எழுதாதே, பருவம் முடியட்டும், பார்க்கலாம்.

சனிக்கிழமை அபூ ஷினானின் வேன் ஓடையைத் தாண்டிப் போகிறது. அவர் மருமகனுக்குக் காய்ச்சல், வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அண்ணனுக்கு அடுத்து சப்ரியாவைப் போகச் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடம் ஒரு நாள் போனால் போகட்டும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, மருமகனை எதிர்த்துப் பேசாதே, உங்களுக்கு இறைவன் ஒரு பிள்ளையைக் கொடுக்கட்டும். சப்ரியாவுக்கு பூட்ஸ் இல்லையே என்று கவலைப்படாதே. ஹாத்திமின் காலடி பெரியது, அவள் பாதம் அதற்குள் தாராளமாக அடங்கும்.

இப்படிக்கு
உன் உம்மா,
ஹாத்திமின் தாய்