முட்டை ஆகாத பிள்ளை

சிதம்பரம்,
ஆகஸ்ட் 4, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அருண்பாண்டியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் காயத்ரியும் சுகம். நீயும் அந்தக் கானா நாட்டில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நீ "ம்மா" என்றதும் எனக்கு வாய் எழுவதில்லை. அதனால்தான் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் காயத்ரியிடம் கொடுக்கப் போகிறேன். தலைப்பில் எப்போதும் எழுதும் அருட்பெருஞ்ஜோதி வாழ்த்தை இன்று எழுதவில்லை. கை வரவில்லை.

வீட்டு மோட்டார் போன வாரம் நின்றுவிட்டது. உன் பெண்டாட்டி காயத்ரிதான் ஆள் வைத்து அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டாள். நீ இருந்திருந்தால் ஞாயிறு முழுக்கப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் அதே ஆளைத்தான் கூப்பிட்டிருப்பாய். மழை இல்லை. வெயில் இன்னும் மண்டையைப் பிளக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் கேம்ப் சமையல்காரருக்குக் கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றாய். மஞ்சள் காய்ச்சல்தானாம். பதினெட்டாம் தேதி வடக்கே போகிறவர்களில் இன்னும் போடாத எல்லோருக்கும் கம்பெனி நர்ஸ் அந்த ஊசியைப் போடுகிறாராம். நீ மட்டும் சென்னை டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி, "எனக்கு முட்டை ஆவாதுன்னு தப்பிச்சிட்டேன்மா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அருண், உனக்கு முட்டை ஆகாது என்பது பொய். நான் சொன்ன பொய்.

மே மாதம், நீ கிளம்புமுன் நாம் இருவரும் உனக்கு ஊசி போடச் சென்னைக்குப் போனோமே, உன்னை ரத்த அழுத்தம் பார்க்க உள்ளே அனுப்பிவிட்டு நான் வரிசையில் இருந்தேன். கையில் கொடுத்த படிவத்தில் முட்டை ஒவ்வாமை உண்டா என்று ஒரு கேள்வி. ஊசிக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். இந்த மருந்தை முட்டையில் வைத்துத்தான் வளர்க்கிறார்கள் என்றாள். எனக்கு என் பழைய வேண்டுதல் நினைவுக்கு வந்தது.

உனக்கு இரண்டு வயதில் ஜுரம் வந்து வெட்டி இழுத்தது. கை கால் விறைத்துப்போய்க் கண் மேலே சொருகிவிட்டது. அன்று வடலூர் வள்ளலார் சபை வாசலில் விழுந்து, இந்தப் பிள்ளை பிழைத்தால் இவன் உடம்பில் மாமிசமோ முட்டையோ ஒரு துளி ஏறாமல் வளர்ப்பேன் என்று வேண்டிக்கொண்டேன். நீ பிழைத்தாய். அதன் பிறகு எனக்கு அந்த வேண்டுதல்தான் தெரியும். அதை மீறினால் அந்த ஜுரம் திரும்பி வரும் என்று முப்பது வருஷமாகப் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

அதனால்தான் டாக்டர் உன்னைக் கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். ஆறு வயதில் கேக் சாப்பிட்டு உதடு வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்றேன். அவர் நல்ல மனிதர். நிச்சயமாகத் தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டார். ஒவ்வாமை டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டுக் காட்டாமல் விட்டதும் நான்தான். கடலூர் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் ஊரார் பிரமாண வாக்குமூலத்தை டைப் அடித்தவள், என் பிள்ளையை ஒரு பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட வைத்தேன். திரும்பி வரும் வழியில் உனக்குக் கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் வாங்கிக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? அதை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

நீ ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் சொன்னாய். நர்ஸ் விவரம் கேட்டாராம். கேக்கின் மேல் இருந்த ரோஸ் கலர் கிரீம், உதடு தடித்து எரிந்தது, எல்லாம் ஞாபகம் இருப்பதாகச் சொன்னாயாம். ரோஸ் கலரை நான் டாக்டரிடம் சொல்லவே இல்லை. ஆனால் அந்தக் கேக்கில் அது நிஜமாகவே இருந்தது.

நேற்றுப் பஸ் பிடித்துக் கடலூர் போனேன். மஞ்சக்குப்பத்தில் நம் பக்கத்து வீட்டில் இருந்தாளே புஷ்பமேரி, அவளைப் பார்க்கத்தான். பேச்சுவார்த்தை விட்டு இருபத்தைந்து வருஷம். வாசலில் என்னைப் பார்த்ததும், "இன்னா கலை, வழி தெரிஞ்சிதா?" என்றாள். வெட்கத்தை விட்டு, உன் ஆறு வயதில் அவள் கொடுத்த கிறிஸ்துமஸ் கேக்கில் எத்தனை முட்டை போட்டாய் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பன்னெண்டு. புள்ள மூணு துண்டு துன்னுச்சி. ஒன்னும் ஆவல. நீ வந்து அடிச்சதுதான் ஆச்சி" என்றாள்.

ஆமாம் அருண். கேக்கில் முட்டை இருக்கிறது என்று தெரிந்ததும், அவள் வீட்டுக் கூடத்தில் வைத்தே உன்னை அறைந்தேன். உன் உதடு பல்லில் பட்டுக் கிழிந்து வீங்கிவிட்டது. கீழுதட்டின் உள்பக்கம் ஒரு சின்னத் தழும்பு இருக்கும், நாக்கால் தொட்டுப் பார். மூன்று துண்டு கேக் தின்ற பிள்ளைக்கு இரவு ஜுரம் வரும் என்று விடிய விடிய நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அப்போதே என் பயம் தெளிந்திருக்க வேண்டும். தெளியாமல், நான் அறைந்ததையே எடுத்து டாக்டரிடம் வியாதியாகச் சொல்லியிருக்கிறேன். உன்னை அறைந்ததை உன் அப்பா சாகும்வரை அவரிடமும் சொல்லவில்லை.

காயத்ரியிடம் இன்று காலை சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஊசி உடம்பில் வேலை செய்யப் பத்து நாள் ஆகும், தேதியைப் பாருங்கள் அத்தை என்று மட்டும் சொன்னாள்.

இன்று நாலாம் தேதி. நாளை மறுநாளுக்குள்ளாவது நீ போட்டுக்கொண்டால்தான் சரியாக வரும். நர்ஸிடம் இந்தக் கடிதத்தை அப்படியே காட்டு. அவருக்குத் தமிழ் தெரியாதே என்று காயத்ரி இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதித் தந்திருக்கிறாள். அடியில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த நாட்டு டாக்டர் ஒருமுறை பரிசோதித்துவிட்டுப் போடுகிறேன் என்றால் அப்படியே செய். அம்மா பொய் சொன்னாள் என்று உன் கூட்டாளிகளுக்குத் தெரிந்தால் தெரியட்டும். வேண்டுதல் என்னுடையது. அது மீறிப்போனால் வருவது என் தலையில் வரட்டும். உனக்கு அதில் பங்கில்லை.

என்மேல் கோபம் இருந்தால் பேச வேண்டாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஊசி போட்ட கையை மட்டும் ஒரு படம் எடுத்துக் காயத்ரிக்கு அனுப்பு, அவள் காட்டுவாள். ஊசி போட்ட ராத்திரி லேசாகக் காய்ச்சல் வரலாம் என்கிறார்கள். வந்தால் பயப்படாதே. தொட்டுப் பார்க்கத்தான் நான் பக்கத்தில் இல்லை.

நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என் கண்ணே.

உன் அம்மா,
கலைமணி